இருமல் அங்கீகாரக் குழு

டெல்பர்ட் வெண்டார்ஃபுக்கு இருமல் கிடையாது. யாரோ போகிறபோக்கில் சொன்னதல்ல இது. 'நலத்துணை இன்சூரன்ஸ்' நிறுவனம் தன் தலைப்பிட்ட தாளில், மூன்று கையெழுத்தும் ஒரு முத்திரையும் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடிப்பதற்குள் டெல்பர்ட் பதினேழு முறை இருமினார்.

கதை ஜூன் மாதம் தொடங்கியது. காகித ஆலையில் வருடாந்தரப் பரிசோதனை நடந்தது. அறுபத்துமூன்று வயது டெல்பர்ட்டின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்கள். நூற்று எழுபத்திரண்டு காட்டியது. டமராக் கிளினிக்கில் நர்ஸ் லோயிஸ் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதித் தந்தாள். காலையில் ஒன்று, ஆயுள் முழுக்க. மாத்திரை டப்பாவோடு ஒரு காகிதமும் வந்தது. பதினாறு மடிப்பு, விரித்தால் சமையலறை மேசைக்கு விரிப்பாகப் போடலாம். அதில் தலைசுற்றலில் தொடங்கி நாக்கு வீங்குவது வரை இந்த மாத்திரையால் வரக்கூடிய எல்லாம் எறும்பு எழுத்தில் இருந்தன. நான்காவது வரியில் இருமல் இருந்தது.

மாத்திரையைக் குறை சொல்வதற்கில்லை. ஒரே மாதத்தில் பிரஷர் நூற்று இருபத்திரண்டுக்கு இறங்கியது. ஐந்தாவது வாரம் இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் சோளக்கதிரின் குஞ்சத்தை விட்டு யாரோ திருகுவது போல ஒரு நமைச்சல்; அதற்குப் பின் வறட்டு இருமல், நான்கு நான்காக. ஆகஸ்ட் பிறந்தபோது மனைவி மார்லிஸ் அவருடைய தலையணையை நிலவறைக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுக்கை. தேவாலயத்தில் பாஸ்டர் பிரசங்கத்தைப் பாதியாகச் சுருக்கினார். அதற்காக இரண்டொருவர் டெல்பர்ட்டின் கையைப் பிடித்து ரகசியமாக நன்றி சொன்னார்கள்.

இதையெல்லாம் மனிதன் பொறுத்துக்கொள்வான். மானை என்ன செய்வது?

எங்கள் வடக்கு விஸ்கான்சினில் வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்பது காலண்டர் அச்சடிப்பவன் கணக்கு. எங்கள் கணக்கில் ஒன்பது நாள்தான். நவம்பர் கடைசியில் மான் வேட்டை திறக்கும் சனிக்கிழமையிலிருந்து ஒன்பது நாள். மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருக்கும் நாள். டெல்பர்ட் பதினான்கு வயதிலிருந்து நாற்பத்தொன்பது வேட்டை போனவர். மார்லிஸின் அண்ணன் ஆர்வில் கச்மாரெக்கின் வேட்டைக் குடிசைதான் அவருக்கும் குடிசை. அங்கிருந்து அரை மைல் தள்ளி, தேவதாருச் சதுப்பைப் பார்த்த மேட்டில், ஒரு பெரிய ஹெம்லாக் மரத்தில் அவர் அப்பா கட்டிய பரண் இருக்கிறது. பரணில் உட்காரும் கட்டையில் அப்பா தன் பெயரைக் கத்தியால் செதுக்கியிருக்கிறார். டெல்பர்ட் அப்பாவோடு அதிகம் பேசியது கிடையாது. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்தப் பரணில்தான்.

குடிசைக்குச் சட்டம் உண்டு. சுவரில் ஒட்டுப்பலகையில் சூட்டுக்கோலால் எழுதி மாட்டியிருக்கிறது. குறி தவறினவனின் முதுகுப்பக்கம் தொங்கும் சட்டை வாலை வெட்டிச் சுவரில் ஆணியடிக்க வேண்டும். திறப்பு நாள் காலையில் வராதவன், வந்து சத்தம் போட்டு மானை விரட்டினவன், இருவரும் பரணை இழப்பார்கள். எல்மர் என்பவர் ஒரே ஒரு தும்மலில் பரணை இழந்து, முப்பது வருடமாக அந்தக் குடிசையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஆகஸ்டிலேயே ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவலுக்குப் பாரில் கூடியிருந்தபோது, ஆர்வில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"டேய் மச்சான், நீ இருமுறது அடுத்த கவுண்டி மானுக்கே கேக்குதுடா. நவம்பருக்குள்ள அதை நிறுத்து. இல்லேன்னா பரணை ட்ரெவருக்குக் குடுத்துடு."

ட்ரெவர் ஆர்விலின் மருமகன். காட்டுக்குள் சூடாக்கும் மின்சார மேஜோடு போட்டுக்கொண்டு வருகிற ஆள்.

"அது எங்கப்பா கட்டினதுடா."

"உங்கப்பன் இருமலையே. அவன் சாகும்போதுகூடச் சத்தம் போடாம செத்தான். அதான் வேட்டைக்காரன்."

டெல்பர்ட் மறுமொழி சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனார். நர்ஸ் லோயிஸ் நின்றபடியே கேட்டு முடித்தாள்.

"அட, இது ஊரறிஞ்ச சங்கதி டெல். இந்த மாத்திரை சாப்பிடுற பத்துப் பேர்ல ஒருத்தருக்கு வரும். இதுக்கு மாத்து மாத்திரை இருக்கு, அதுல இருமல் வராது. இப்பவே எழுதித் தர்றேன். ரெண்டு வாரத்துல தொண்டை சுத்தமாயிடும்."

டெல்பர்ட் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். பத்தாம் நாள், மாற்று மாத்திரைக்குக் காசு தர முடியாது என்று இன்சூரன்சிலிருந்து மறுப்புக் கடிதம் வந்தது. கைக்காசு போட்டு வாங்குகிற விலையில் அது இல்லை. கீழே ஒரு ஃபோன் எண். நாற்பது நிமிடம் பியானோ வாசித்துக் காட்டிவிட்டு, மிஸ் வில்லா ஓடெல் என்ற அம்மாள் பேசினாள். பதவி, பக்கவிளைவு உறவு அலுவலர்.

"மிஸ்டர் வெண்டார்ஃப், உங்க இருமலுக்காக நாங்க எல்லாருமே ரொம்ப வருத்தப்படுறோம். ஆனா அது உங்களுக்கு இருக்கான்னு இன்னும் முடிவாகல."

"முடிவாகலையா? இப்பக்கூட இருமிக்கிட்டுத்தானேம்மா இருக்கேன். கேக்கலையா?"

"நல்லாக் கேக்குது. ஆனா ஃபோன்ல கேக்குறதை இருமல்னு எடுத்துக்க எனக்கு அதிகாரம் இல்ல. 'வாடிக்கையாளர் எழுப்பிய ஒலி'ன்னு பதிஞ்சுக்கறேன்."

"மாத்திரைக் காகிதத்துலயே போட்டிருக்கு. இருமல் வரலாம்னு."

"வரலாம்னு போட்டிருக்கு. உங்களுக்கு வந்துச்சுன்னு போடலையே."

டெல்பர்ட் காகிதத்தை விரித்து நான்காவது வரியை இன்னொரு தடவை படித்தார். அந்த அம்மாளே பொறுமையாக விளக்கினாள். பக்கவிளைவு மூன்று வகை: சாத்தியம், அநேகமாக, நிச்சயம். நிச்சயம் என்று இருமல் அங்கீகாரக் குழு சான்று தந்தால்தான் மாற்று மாத்திரை.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு நிச்சயம் குடுத்திருக்கீங்க?"

"ஒருத்தருக்கு. ஆனா அவரால வந்து வாங்கிக்க முடியல."

"ஏன்?"

"நாக்கு வீங்குற கேஸ் அது. குடும்பத்துக்கு அனுப்பி வெச்சோம். சான்றை ஃப்ரேம் போட்டு அவர் படத்துக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்காங்க. ரொம்ப நெகிழ்ச்சியா ஒரு கடிதம்கூட எழுதினாங்க. எங்க வக்கீல் வெச்சிருக்கார்."

பேசி முடிக்கும்போது மிஸ் ஓடெல் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தியும் கேட்டது. வறட்டு இருமல், நான்கு.

முதலில் 'இருமல் நாட்குறிப்பு' வந்தது. நாற்பது நாள் ஒவ்வொரு இருமலையும் நேரத்தோடு எழுத வேண்டும். தினமும் ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி உறவினராக இருக்கக் கூடாது. உறவினர்கள் எரிச்சலில் கூட்டி எழுதுவார்களாம். எழுநூறு பேர் உள்ள டமராக்கில் வெண்டார்ஃபுக்கோ கச்மாரெக்குக்கோ உறவில்லாத ஆளைத் தேடுவது சதுப்பில் விழுந்த தோட்டாவைத் தேடுவது போல. கடைசியில் பார் நடத்தும் கெர்ட் அகப்பட்டாள். இல்லினாயிலிருந்து வந்து இருபத்தாறு வருடம்தான் ஆகிறது என்பதால் ஊரில் அவள் இன்னும் அயலாள்.

டெல்பர்ட் ஆலை முடிந்ததும் தினமும் பாருக்குப் போய் உட்கார்ந்து இருமினார். கெர்ட் பீர் ஊற்றிக்கொண்டே கோப்பை வைக்கும் அட்டையில் கோடு கிழித்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? டெல்பர்ட்டும் இரண்டு கோப்பை குடித்தார். நாற்பது நாளில் மூவாயிரத்துச் சொச்சம் இருமலும் எட்டு பவுண்டு எடையும் சேர்ந்தன.

"உன் புருஷன் தெனமும் பார்ல கெடக்கான்னு ஊரெல்லாம் பேசுது. நான் என்னன்னு சொல்றது?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"இன்சூரன்ஸ் வேலையா போறேன்னு சொல்லு."

"சொன்னேன். அதுக்குத்தான் சிரிக்கிறாங்க."

நாட்குறிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். நான்கே நாளில் பதில். 'நாட்குறிப்பில் பீர் வாசனை வீசுகிறது. ஆகவே இருமலுக்கு மதுக்கடையின் காற்று காரணமாக இருக்கலாம். உங்கள் இருமல், சாத்தியம்.' மேல்முறையீட்டுக்கு மில்வாக்கி அலுவலகத்துக்கு நேரில் வரலாம் என்று அடியில் இருந்தது.

நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கழுத்துப்பட்டை, தலைக்கு எண்ணெய். ஏழாவது மாடியில் நீண்ட மேசை. பின்னால் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவர் டாக்டர் ஹார்லன் ப்ரெண்டிஸ். ஓரத்தில் குறிப்பெடுக்க மிஸ் ஓடெல். குரலை வைத்து டெல்பர்ட் அடையாளம் கண்டுகொண்டார். சுவரில் அருவிப் படம். அதன் கீழே, 'உங்கள் குரலைக் கேட்கிறோம்'.

டாக்டர் ப்ரெண்டிஸ் எழுந்து நின்று பேசினார். பேச்சு இருபது நிமிடம்.

"மிஸ்டர் வெண்டார்ஃப், நான் முப்பது வருஷம் பல் டாக்டரா இருந்தவன். இருமலைப் பத்தி எனக்கு எந்த முன்முடிவும் கிடையாது. ஏன்னா எனக்கு அதைப் பத்தி எதுவுமே தெரியாது. இந்தக் குழுவோட நடுநிலைமைக்கே அதுதான் அஸ்திவாரம். போன வருஷம் நாலாயிரம் மனு வந்துச்சு. நாலாயிரத்துக்கும் காது குடுத்தோம். ஒண்ணை அங்கீகரிச்சோம். அதுவும் எப்படி நடந்துச்சுன்னு இப்ப விசாரிச்சுக்கிட்டிருக்கோம். நாங்க கல்நெஞ்சக்காரங்கன்னு நினைக்காதீங்க. இருமலை அங்கீகரிச்சா என்ன ஆகும்? நாளைக்கு ஜனங்க இருமறதை ஒரு உரிமையா நினைச்சுக்குவாங்க. அப்புறம் தலைசுத்தல். அப்புறம் கால் வீக்கம். கடைசியில பிரஷர் குறைஞ்சா மட்டும் போதாது, ஆளும் நல்லா இருக்கணும்னு கேப்பாங்க. அதுக்கு முடிவு எங்கே?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒன்பது முறை இருமினார். வறட்டு இருமல், சளி இல்லை. இடப்பக்கத்து உறுப்பினர் மேசைக்கடியில் குனிந்து இருமினார். வலப்பக்கத்து அம்மாள் கைக்குட்டைக்குள் இருமினாள். மிஸ் ஓடெல் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு இருமினாள். டெல்பர்ட்டும் சேர்ந்து இருமினார். மாதக்கணக்கில் தனியாக இருமிய மனிதர், முதல் தடவையாகத் துணை கிடைத்த சந்தோஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களுக்கும் இருக்கே! எல்லாருக்கும் இருக்கே! நீங்களும் இதே வெள்ளை மாத்திரைதானா?"

நான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடக்கிய இருமலின் நிசப்தம்.

"ஊழியர் நலத் திட்டத்துல எல்லாருக்கும் அதுதான்..." என்று மிஸ் ஓடெல் தொடங்கினாள். தலைவர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

"மிஸ்டர் வெண்டார்ஃப், நாங்க இருமல. செருமுறோம். பொறுப்புல இருக்கறவங்க செருமித்தான் ஆகணும்," என்றார் ப்ரெண்டிஸ், கண்ணில் தண்ணீர் வழிய. "சரி, ஒரு பேச்சுக்கு இது இருமல்னே வெச்சுக்குவோம். இந்த அறையில எல்லாருக்கும் இருக்கு. எல்லாருக்கும் இருந்தா அது விளைவில்ல, இயல்பு. உங்க கட்சியை நீங்களே கெடுத்துக்கிட்டீங்க."

மூவரும் தலையாட்டினார்கள். ஆனாலும் கருணை காட்டி ஒரு கடைசி வாய்ப்புத் தந்தார்கள். மூன்று வாரம் மாத்திரையை நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு வாரம் மறுபடி சாப்பிட வேண்டும். அது முடிகிற நாளில், குழுவின் பிரதிநிதி முன்னிலையில், காலை ஆறரைக்கு மாத்திரையை விழுங்க வேண்டும். ஆறரையிலிருந்து ஏழு மணிக்குள் ஒரே ஒரு முறை இருமினால் போதும், நிச்சயம். இருமாவிட்டால் கோப்பு மூடப்படும்.

மாத்திரை நிறுத்திய பத்தாம் நாள் இருமல் போய்விட்டது. பேய் ஓட்டின மாதிரி போய்விட்டது. மார்லிஸ் நிலவறைக் கதவைத் திறந்து, "மேல வா டெல்" என்றாள். பிரஷர் மட்டும் நூற்றுத் தொண்ணூறுக்கு ஏறியது. தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தின் மேல் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. டெல்பர்ட்டுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பெண்டாட்டி பக்கத்தில் சத்தமில்லாமல் படுத்திருக்கும் மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

நர்ஸ் லோயிஸ்தான் கத்தினாள். "மூளைக்குள்ள ஒரு குழாய் வெடிச்சுதுன்னா யார்யா பொறுப்பு?"

"அதுக்குத் தனி ஃபாரம் இருக்காம். குடும்பத்துல யாராச்சும் நிரப்பலாமாம்."

மூன்று வாரம் முடிந்து மறுபடி மாத்திரை. ஒன்பதாம் நாள் இருமல் திரும்பி வந்தது. விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து இருமியது. தலையணை மறுபடி நிலவறைக்குப் போனது. அப்போதுதான் காலண்டரைப் பார்த்தார். பரிசோதனை நாள், வேட்டை திறக்கும் சனிக்கிழமை. அவர் உடனே ஃபோன் செய்தார். பியானோ கேட்டார்.

"நாளை மாத்துங்கம்மா. அன்னிக்கு நான் காட்டுல இருக்கணும். ஒரு இருமல் இருமினாலும் பரண் போயிடும்."

"நாள் கம்ப்யூட்டர் போட்டது மிஸ்டர் வெண்டார்ஃப். மாத்தணும்னா புதுசா மனுப் போடணும், அடுத்த வருஷம்தான் வரும். ஆனா கவலைப்படாதீங்க. வாடிக்கையாளர் எங்கே இருந்தாலும் நாங்க வருவோம். அது எங்க வாக்குறுதி. எந்த ரூம்?"

"மரத்து மேல."

"எத்தனையாவது மாடி?"

திறப்பு நாள் விடியுமுன், சொன்ன சொல் தவறாமல் மிஸ் ஓடெல் வந்து சேர்ந்தாள். இடுப்பில் கெட்டியான கோப்பு, கழுத்தில் விசில் கடிகாரம். வேட்டைக் குடிசை வாசலில் சாசேஜும் பிராந்தி வாசனையுமாக நின்றிருந்த ஆர்வில், அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது, காட்டுக்குள்ள ஆபீஸ் தொறக்கறியா?"

"அரை மணி நேரம்தான்டா. பேசாம இருப்பாங்க."

"அவங்க பேசாம இருப்பாங்க. நீ?"

ட்ரெவர் மேஜோட்டுக்குள் கால்விரலை நெளித்துக்கொண்டே சிரித்தான். அவளுக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார்கள். எல்மருடையது, முழங்கால் வரை தொங்கியது.

பரணுக்குப் போகிற வழி நெடுக டெல்பர்ட் ஒரு திட்டம் போட்டார். முதலில் மான், பிறகு இருமல். வெளிச்சம் வந்ததும் மான் சதுப்பிலிருந்து மேட்டுக்கு ஏறும். நாற்பத்தொன்பது வருடமாக அப்படித்தான். சுட்டுவிட்டு ஆசைதீர இருமலாம். ஆறு ஐம்பது வரை மான் வராவிட்டால், மான் போனால் போகட்டும் என்று இருமிவிடலாம். வாயில் வெண்ணெய் மிட்டாயை அடக்கிக்கொண்டார். பரணில் அப்பாவின் பெயர் மேல் கையுறையை வைத்து உட்கார்ந்தார். மிஸ் ஓடெல் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறரைக்கு அவள் தலையசைத்தாள். மாத்திரையை விழுங்கினார்.

தொண்டைக்குள் அந்தச் சோளக்குஞ்சம் உடனே திருகத் தொடங்கியது. டெல்பர்ட் பல்லைக் கடித்தார். ஆறு நாற்பது. கண்ணில் நீர் கட்டியது. ஆறு நாற்பத்தெட்டு. தூரத்தில் யாரோ சுட்ட சத்தம். இன்னும் இரண்டு நிமிடத்தில் இருமிவிடலாம் என்று மூச்சை இழுத்தார்.

அப்போது மான் வந்தது.

சதுப்பு விளிம்பில் முதலில் கொம்பு தெரிந்தது. எண்ணினார், பத்துக் கிளை. அவ்வளவு பெரிய மானை அவர் அப்பாவே பார்த்திருக்க மாட்டார். அது அவசரமே இல்லாமல் நடந்து, ஒரு தடித்த மரத்துக்குப் பின்னால் போய் நின்றது. தலை இந்தப் பக்கம், வால் அந்தப் பக்கம், நடுவில் மரம். சுட வழியில்லை. டெல்பர்ட் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி வைத்துக் காத்திருந்தார். விலாவுக்குள் இருமல் உதைத்தது. முகம் பீட்ரூட் நிறமானது.

மிஸ் ஓடெல் காதருகே குனிந்தாள். "இருமணும்னா இருமுங்க மிஸ்டர் வெண்டார்ஃப். கூச்சப்பட வேண்டாம்," என்று கிசுகிசுத்தாள்.

அவர் தலையை ஆட்டவில்லை. ஆறு ஐம்பத்தைந்து. ஆறு ஐம்பத்தாறு. மான் ஓர் அடி எடுத்து வைத்தது. தோள் வெளியே தெரிந்தது. டெல்பர்ட் விரலை விசையில் வைத்தார்.

மிஸ் ஓடெல் இருமினாள். நான்கு.

மான் ஒரே பாய்ச்சலில் சதுப்புக்குள் மறைந்தது. வெள்ளை வால் மட்டும் ஒரு கணம் ஆடியது.

அப்போது இன்னும் மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. வாயைத் திறந்தால் போதும், நாலு மாதத்து இருமல் வெளியே வரக் காத்திருந்தது. ஆனால் டெல்பர்ட்டும் மனிதன்தானே. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"நீ இருமினியே! இருமினியே!"

"நான் இருமல. செருமினேன்."

"என் கண்ணு முன்னாடி இருமின!"

"மரியாதையாப் பேசுங்க மிஸ்டர் வெண்டார்ஃப். நான் பணியில இருக்கேன். பணியில இருக்கறப்ப எனக்கு இருமல் கிடையாது. வேணும்னா விதிப் புத்தகத்தைக் காட்டறேன்."

"காட்டு பார்ப்போம்!"

அவள் கோப்பை இடுப்பிலிருந்து எடுத்துப் பக்கம் புரட்டினாள். மூன்றாம் பிரிவு, உட்பிரிவு இரண்டு. அதை அவர் படிக்கக் கண்ணாடி தேடினார். கண்ணாடியை மாட்டும்போது கழுத்துக் கடிகாரம் விசிலடித்தது. ஏழு மணி.

பிறகு டெல்பர்ட் இருமினார். பரண் குலுங்க, மரத்திலிருந்து பனி உதிர, கால் மணி நேரம் இருமினார். மிஸ் ஓடெல் கோப்பை மூடி வைத்துவிட்டு, முதுகைத் தடவிக் கொடுத்தாள். கெட்ட பொம்பளை இல்லை.

குடிசையில் எல்லோரும் காத்திருந்தார்கள். இருமல் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டிருந்தது.

"பத்துக் கிளை! ட்ரெவர் பார்த்தான், வாலைத் தூக்கிட்டு ஓடுது! யாருடா இருமினது?" என்றார் ஆர்வில்.

"முதல்ல இருமினது இவங்க," என்றார் டெல்பர்ட்.

"நான் இருமல," என்றாள் மிஸ் ஓடெல். "மிஸ்டர் வெண்டார்ஃபும் ஏழு மணி வரை இருமல. பதிவாகியிருக்கு."

"அவளும் இருமல, இவனும் இருமல. அப்ப யாரு, மானா இருமுச்சு?"

மிஸ் ஓடெல் கோப்பைத் திறந்தாள். பிறகு எழுதுகோலை எடுத்தாள்.

"உங்க முழுப் பெயர் சொல்லுங்க சார்," என்றாள் ஆர்விலிடம்.

சட்டம் சட்டம்தான். எல்மர் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். டெல்பர்ட்டின் சட்டை வாலை வெட்டி ஆணியடித்தார்கள். குறி தவறவில்லையே, சுடவே இல்லையே என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரண் ட்ரெவருக்குப் போனது. அன்று மாலையே அவன் மெத்தை வைத்த இருக்கை ஒன்றைக் கொண்டுபோய், அப்பாவின் பெயர் செதுக்கிய கட்டையின் மேல் வைத்து முறுக்கிப் பூட்டினான். டெல்பர்ட் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவிலும் இருமல் விடவில்லை.

கடிதம் டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தது. குழு தன் முடிவைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சியடைகிறது. பரிசோதனை நேரத்தில் வாடிக்கையாளர் ஒருமுறைகூட இருமவில்லை. ஆகவே அவருக்கு இருமல் கிடையாது. 'காலை 6:57-க்கு நான்கு இருமல் கேட்டது உண்மை. சம்பவ இடத்தில் வாடிக்கையாளர், எமது பிரதிநிதி, ஒரு மான் ஆகியோர் இருந்தனர். அந்த இருமல் மானுடையது எனத் திரு. ஆர்வில் கச்மாரெக் கருத்துத் தெரிவித்துள்ளார். சாட்சி வாடிக்கையாளருக்கு உறவினர். ஆனால் மானுக்கு உறவினர் அல்ல. ஆகவே அவரது சாட்சியம் ஏற்கப்படுகிறது. மான் எமது சந்தாதாரர் இல்லை என்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லை. வெள்ளை மாத்திரை வழக்கம்போல் தொடரும்.'

ஆர்வில் அதை ஒரு படியெடுத்துக் குடிசைச் சுவரில் சட்டை வாலுக்குப் பக்கத்தில் ஆணியடித்தார். வருகிறவர்களுக்கெல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டினார்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் ட்ரெவர் வந்து கதவைத் தட்டினான். கையில் பொட்டலம். திறப்பு நாளுக்கு மறுநாளே அந்தப் பத்துக் கிளை மான் அதே மேட்டுக்கு, அதே மரத்தடிக்கு வந்ததாம். இருக்கை ரொம்ப வசதியாக இருந்ததாம். முதல் சாசேஜ் மாமாவுக்குத்தான் என்று கொண்டுவந்தானாம்.

மார்லிஸ் வெங்காயம் போட்டு வறுத்து, தட்டை நிலவறைக்குக் கொண்டுவந்து துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தாள்.

"சூடா சாப்பிடு டெல். நல்ல மான்தான்."

டெல்பர்ட் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். நல்ல மான்தான். விழுங்குவதற்குள் இருமல் வந்துவிட்டது.